கிஷன் வரும்வரை

அப்பாவுக்கு ஈரல் முழுக்கப் புற்றுநோய். இனி வைத்தியம் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கிள்ளான் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போகும் நர்ஸ், மிஸ்ஸி ஜெரால்டின், மார்ஃபின் மருந்தை அம்மாவிடம் கொடுத்து, "நேரம் தவறாம கொடுங்க ஆன்டி. இது வலிக்குத்தான், பயப்படாதீங்க" என்றார்.

அம்மா நேற்றோடு நிறுத்திவிட்டார். மருந்து போத்தல் அவர் கைப்பைக்குள். கைப்பை அவர் மடியில்.

காரணம் என் அண்ணன் கிஷன். ஒரே மகன். ஆஸ்திரேலியாவில் பெர்த்திலிருந்து கிளம்பிவிட்டான். அவன் கையால் பால் வாங்காமல் அப்பா போய்விடக்கூடாதாம். மருந்து குடித்தால் தூங்கிவிடுகிறாராம்.

"அப்பாவைக் கேட்டீங்களாம்மா?" என்றேன்.

"இதை வேற கேக்கணுமா? பெத்த பிள்ளைய பாக்க அவருக்கு ஆசை இருக்காதா?"

"வலிக்குதும்மா அவருக்கு."

"எனக்குத் தெரியாதா மலரு? இன்னும் கொஞ்ச நேரம்தான் லா."

அப்பா துண்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார். செராஸிலிருந்து வந்திருந்த சின்னையா மாமா, மீ கோரேங் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "பொறுத்துக்குங்க மச்சான், மகன் வர்றான்" என்று தைரியம் சொன்னார். அந்தத் தட்டை அவர் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது. கவிழ்க்கவில்லை. கைப்பையைப் பிடுங்கப் போனேன். அம்மா இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு எனக்கு எதுவுமே ஓடவில்லை. வலி அப்பாவுக்கு, முடிவு எங்களுக்கு என்பது மட்டும் தெரிந்தது. ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

விமானம் தாமதம். பிறகு பெடரல் ஹைவேயில் ஜாம். கிஷன் வந்து சேர்ந்தபோது சாயங்காலம் ஆகிவிட்டது. பெட்டியைக்கூட உள்ளே எடுத்துவரவில்லை. அம்மா அவன் கையில் பால் டம்ளரைக் கொடுத்து முன்னே தள்ளினார்.

"என்னங்க, யார் வந்திருக்கா பாருங்க!"

அப்பா நன்றாகவே விழித்திருந்தார். கிஷனை மேலும் கீழும் பார்த்தார். கைகளைச் சேர்த்துக் கும்பிட்டார்.

"சார், ரொம்ப வலிக்குது சார். மருந்து கேட்டா குடுக்க மாட்றாங்க. நீங்களாச்சும் சொல்லுங்க சார்."

கிஷன் டம்ளரோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தான்.