பேட்டரி இருக்கும் கூடம்

தீக்குச்சியை உரசப் போன இருளாயியின் கையைப் பாண்டீஸ்வரி எட்டிப் பிடித்தாள்.

“விடுத்தா. தலைமாட்டுல வெளக்கு இல்லாம என் தம்பிய அநாதையாப் போடச் சொல்றியா?”

“மதினி, பேட்டரில சார்ஜ் ஏறுது. அதுல வர்ற கேஸ்ல தீ பட்டா வெடிச்சிரும்.”

“புருசன் செத்துக் கெடக்கையில எவளாச்சும் பேட்டரிக்கு சார்ஜ் போடுவாளா?”

நியாயமான கேள்விதான். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்த கருத்தக்கண்ணன், ஆனையூர் வீட்டுக் கூடத்தில், கட்டிலில் தெற்கே தலைவைத்துக் கிடந்தார். தலைக்கு ஒரு முழம் தள்ளி, முகம் தெரியாதவர்களோடெல்லாம் அவர் பேசிக்கொண்டிருந்த ஹாம் ரேடியோ; அதன் கீழே பேட்டரி. உடலைத் தூக்குவதற்குமுன் ரேடியோ நண்பர்கள் அவரைக் கூப்பிட்டு வழியனுப்பப் போகிறார்கள். இன்றைக்குப் பார்த்து மாதாந்திர மின்தடை. கரண்ட் போவதற்குள் சார்ஜ் ஏறாவிட்டால் அந்தக் குரல்களைக் கேட்க முடியாது. பாண்டீஸ்வரிக்கு இன்று அது ஒன்றுதான் வேண்டும்.

இத்தனைக்கும் அந்தப் பேட்டரி அவளுக்குச் சக்களத்தி. அது வந்த நாளிலிருந்து கூடத்தில் ஓர் ஊதுபத்தி கொளுத்த விட்டதில்லை அந்த மனுஷன். மழையானாலும் ஜன்னல் திறந்தே கிடக்க வேண்டும். கொசு தின்றதுபோக மிச்சம்தான் இவள். பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றக் கூப்பிட்டால் நகையெல்லாம் கழற்றியாக வேண்டும். இரண்டு முனையிலும் உலோகம் பட்டால் கை வெந்துவிடும். ஒருமுறை விருந்துக்கு வந்த இருளாயி பேட்டரி பக்கம் குனிந்தபோது, “அக்கா, வளையலக் கழட்டு” என்று சொல்லித் தொலைத்தார். தம்பி நகைக்கு அடிபோடுகிறான் என்று சொந்தபந்தத்திடமெல்லாம் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் அவள் இந்த வீட்டுப் படி ஏறியதே இல்லை. இன்றுதான் வந்திருக்கிறாள்.

“அப்ப அந்தச் சனியனத் தூக்கி வெளிய போடு” என்றாள் இருளாயி.

“நானும் இம்புட்டு வருசமா அதத்தான் சொன்னேன். கேட்டாரா? அது உள்ளயே இருக்கட்டும், இவரு வெளிய போகட்டும்.”

சாவு வீட்டில் சிரிக்கக் கூடாதென்று நாலைந்து பேர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கொழுந்தன் அழகுபாண்டிதான் முதலில் எழுந்து கட்டிலைப் பிடித்தான். “அண்ணனுக்கும் காத்து வேணும்ல மதினி” என்றான். பந்தலில் கிடத்தி விளக்கேற்றினார்கள்.

மத்தியானம் கரண்ட் போனது. பாண்டீஸ்வரி கூடத்துக்குள் ஓடிப் போய் ரேடியோவைத் திருகினாள். கரகரப்புக்குள்ளிருந்து ஒரு குரல், ரேடியோவில் அவருக்குப் பெயராக இருந்த அழைப்புக்குறியைச் சொல்லிக் கூப்பிட்டது. பதிலுக்காகக் காத்திருந்தது. மறுபடியும் கூப்பிட்டது. பந்தலில் ஒப்பாரி நின்றுவிட்டது.

“சரிண்ணே, போயிட்டு வாங்க” என்றது கடைசியில்.

காலையிலிருந்து எல்லோரையும் அதட்டிக்கொண்டிருந்தவள் அப்போதுதான் வாய்விட்டு அழுதாள்.

நிமிர்ந்தபோது வாசலில் இருளாயி நின்றிருந்தாள். வளையல் உடைக்கக் கூப்பிட வந்திருந்தாள்.

“இது கண்ணாடி மதினி. கரண்டு கடத்தாதுன்னு அவரே வாங்கிப் போட்டுவிட்டது. இதையும் ஒடைச்சிட்டா, எதப் போட்டுக்கிட்டு நான் பேட்டரிக்குத் தண்ணி ஊத்துவேன்? ஊத்தலேன்னா அதுவும் செத்துரும்.”

இருளாயி தன் தங்க வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, உள்ளே வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.