அக்கா சொல்லும் வேகம்

1

இந்தக் கதை எனக்கு ஒரு காரின் பின்சீட்டில் கிடைத்தது. நானாக யோசித்துக் கண்டுபிடித்ததில்லை என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாரும் என் கற்பனையைப் புகழ்ந்து சங்கடப்படுத்த வேண்டாம். (புகழ்ந்தால் தடுக்கவும் மாட்டேன்.)

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "வேகம் என்றால் என்ன? தூரத்தைக் காலத்தால்—" அதோடு நிறுத்திவிட்டேன். அக்கா படித்தால், "உனக்கு வேற வேலையே இல்லையாடா" என்பாள். இரண்டாவது தொடக்கம் இது: "அந்த வண்டி நின்றுகொண்டே நூற்று நாற்பதில் போனது." சத்தியமான வாக்கியம். இதையே வைத்துக்கொள்வோம்.

2

அந்த வண்டி நின்றுகொண்டே நூற்று நாற்பதில் போனது. அக்காவின் கணவர், அதாவது என் மாமா, செகண்ட் ஹேண்டில் வாங்கிய சொகுசு எஸ்யூவி அது. தோல் சீட்டு, மரம் பதித்த டாஷ்போர்டு, ஏறுவதற்கே ஒரு படி. வாங்கிய கொஞ்ச நாளில் ஸ்பீடோமீட்டர் முள் நூற்று நாற்பதில் போய் ஒட்டிக்கொண்டது. சிக்னலில் நின்றாலும் நூற்று நாற்பதுதான். பின்னாலேயே டீசல் முள் காலியில் படுத்துவிட்டது. எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கியது. வண்டி மட்டும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

அதே வாரம்தான் அக்கா மாமாவிடம் பேசுவதை நிறுத்தினாள்.*

* அதே வாரம் இல்லை. நடுவில் ஏழெட்டு மாதம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் நன்றாக இருக்கிறதே என்று இழுத்து ஒட்டினேன். மன்னிக்கவும்.

காரணம் அவர்கள் மகள். தனக்குப் பிடித்த பையனை ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொண்டாள். மாமா போகவில்லை. அன்று முழுக்க வீட்டு வாசலில் வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா மட்டும் போய்விட்டு வந்தாள். வந்து, பிரிட்ஜைப் பார்த்து, "பெத்த பொண்ணு கல்யாணத்துக்கு வராத மனுஷன்கிட்ட எனக்கு என்ன பேச்சு" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வீட்டில் அவள் மாமாவுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் பிரிட்ஜிடமும் சுவரிடமும்தான் சொன்னாள்.

மாமா ஒரு கல்லுளிமங்கன். பதிலுக்கு அவரும் வாயைத் திறக்கவில்லை.

3

ஆனால் மாதம் ஒருமுறை அக்காவை மகள் வீட்டுக்கு அவர்தான் காரில் கொண்டுபோய் விட்டார். கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்துவார். அக்கா உள்ளே போவாள். அவள் திரும்பும்வரை எஞ்சினைக்கூட அணைக்காமல் உட்கார்ந்திருப்பார். இப்போதே கிளம்பப்போகிறவர் மாதிரி.

மீட்டர் செத்துப்போன வண்டியில் வேகம் எப்படித் தெரியும்? அங்கேதான் அக்கா பேசினாள். ரோட்டைப் பார்த்தபடி, யாரிடமும் இல்லாத மாதிரி, "அறுபது" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து, "எண்பது." ஸ்கூல் பக்கம் வந்தால், "நாப்பதுக்கு மேல போகுது." டீசல் போட்ட நாளைக் கணக்குப் பார்த்து, "டீசல்." மாமா அப்படியே கேட்பார். பத்துப் பன்னிரண்டு எண்களையும் ஒரு டீசலையும் வைத்து ஒரு குடித்தனம் ஓடியது.

எப்படித் தெரிகிறது என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"அறுபதுல அந்தப் பக்கக் கண்ணாடி முனகும். எண்பதுல முனகல் அடங்கிடும். நூறுல எனக்கு வயித்தைக் கலக்கும். இதுல என்னடா வித்தை இருக்கு?"

4

இந்த இடத்தில் மாமாவைச் சந்தேகித்து நான்கு நாள் எழுதாமல் இருந்தேன். இனி அவர் செய்யப்போவதை நீங்கள் நம்புவீர்களா என்று தெரியவில்லை. நானே நேரில் பார்த்தும் நம்பவில்லை.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைப் பார்க்க அக்கா கிளம்புவதற்கு முன்பே, மாமா என்னைக் கூட்டிக்கொண்டு மீட்டர் ரிப்பேர் கடைக்குப் போனார். கடைக்காரர் இரண்டு டீஸ்பூன்களை முள்ளுக்கு அடியில் கொடுத்து நெம்பி, ஒவ்வொரு முள்ளாகக் கழற்றினார். ஒவ்வொன்றின் பின்னாலும் பாதி தீப்பெட்டி அளவுக்கு ஒரு மோட்டார்.

"ஒண்ணு போச்சுன்னா மத்ததும் வரிசையா போயிடும் சார். எல்லாத்தையும் மாத்திடலாமா?"

"மாத்திடுங்க," என்ற மாமா, என் பக்கம் திரும்பி மெதுவாகச் சொன்னார்: "பாவம் மச்சான், எத்தனை நாளைக்குத்தான் அவ கத்திக்கிட்டே வருவா? கொஞ்சம் நிம்மதியா தூங்கிக்கிட்டு வரட்டும்."

ஐயோ மாமா என்று மனதுக்குள் சொன்னேன். வெளியே சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தக் கதை இல்லை.

வேலை முடிந்து சாவியைத் திருப்பியதும், செத்துக் கிடந்த முட்கள் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்து, மேல் எல்லைவரை போய், ஒன்றாகத் திரும்பி வந்து படுத்தன. நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். கடைக்காரர் தினமும் பார்ப்பவர்தான். அவரும் பார்த்தார்.

5

மறுநாள் கிளம்பினோம். அக்கா மீட்டரைப் பார்ப்பதை விட்டு எவ்வளவோ நாளாகிறது. வழக்கம்போல ரோட்டைப் பார்த்து, "அறுபது" என்றாள்.

நான் பின்சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தேன். முள் அறுபதில் நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"எண்பது."

முள் எண்பது. கோபத்தில் ஒரு வார்த்தை பேசாத பெண், இத்தனை காலம் அந்த மனிதருக்கு ஒரு பொய் எண்கூடச் சொல்லவில்லை. மாமாவும் முள்ளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி முள்ளைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. (இதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். கலங்கியதைக் கலங்கியது என்றுதானே எழுத வேண்டும்.)

ஒரு சிக்னலில் நின்றோம். தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பிய அக்காவின் கண் மீட்டரில் பட்டது. நூற்று நாற்பதில் நிற்க வேண்டிய முள் கீழே படுத்திருந்தது. டீசல் முள் முக்கால் டேங்க் காட்டியது.

அவள் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். பச்சை விழுந்து, ஊர் தாண்டி, வண்டி நூறைத் தொட்டது. அக்கா எண் சொல்லவில்லை.

அப்போதுதான் மாமாவுக்கு உறைத்தது. கதவு இடுக்கிலிருந்து கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்தார். ஒரு கையால் உதறி, புது மோட்டார் போட்ட மீட்டர் மேல் போட்டு மூடினார்.

"இப்ப எவ்வளவு?"

வருடக்கணக்கில் அவர் அவளிடம் கேட்ட முதல் கேள்வி. அக்கா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி முனகியது, அடங்கியது, மறுபடி முனகியது. அவர் துணியை எடுக்கவே இல்லை.

6

முடிவுகள்:

அ) அக்கா துணியைப் பிடுங்கி எறிகிறாள், இருவரும் சிரிக்கிறார்கள், பேத்தியை— வேண்டாம். சினிமா.

ஆ) பதிலே இல்லை. மாமா வழக்கம்போல வெளியே உட்கார்ந்திருக்கிறார். இதை எழுதி முடித்து, படித்து, கிழித்துப் போட்டேன். எனக்கே மனசு கேட்கவில்லை.

இ) நடந்தது. மகள் வீட்டு கேட்டுக்கு முன்னால் வண்டி நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து, ஒரு காலைப் படியில் வைத்தாள். வழக்கமாக அப்படியே போய்விடுவாள். அன்று திரும்பாமல், ரோட்டைப் பார்த்தே சொன்னாள்:

"பூஜ்யம்."

நிற்கிற வண்டியின் வேகத்தை யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அவளும் அதுவரை சொன்னதில்லை.

பிறகு, "இறங்குங்க" என்றாள்.

இறங்கினாரா என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன். எண்ணும் டீசலும் இல்லாத ஒரு வார்த்தை அந்த வண்டிக்குள் கேட்டது. என் வேலை அதோடு முடிந்தது. நான் பின்சீட்டு ஆள். டிரைவர் சீட்டில் இப்போது நீங்கள்தான் இருக்கிறீர்கள். மீட்டர் மேல் துணி கிடக்கிறது. உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறது. உங்கள் மனைவி கதவைச் சாத்தாமல் நிற்கிறாள். சாவி உங்கள் கைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.