பதில் வராத கதவு

லிஃப்ட் மெக்கானிக் வீட்டில் யாரும் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. சமையலறைப் பக்கம் தலையை நீட்டி "இருக்கியா?" என்பார். "இருக்கேன், எங்க போகப்போறேன்?" என்று மனைவி சொல்லியாக வேண்டும். வெங்காயம் நறுக்குகிற கையைக் கண்ணால் பார்த்த பிறகும் அவருக்கு வாயால் ஒரு பதில் வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து பெண்டாட்டியைத் தேடாத மனிதர் இப்போது நிமிஷத்துக்கு ஒரு தரம் தேடினார். அதை அவள் பெருமையாக எடுத்துக்கொள்ளவில்லை.

அது தொழிலில் வந்த பழக்கம். லிஃப்ட்டுக்கு அடியில் ஒரு குழி உண்டு. ஒருவர் அதில் இறங்கி வேலை செய்வார், இன்னொருவர் மேலே மெஷினருகே நிற்பார். லிஃப்ட்டை நகர்த்துமுன் மேலே இருப்பவர் "கீழ யாரு?" என்று கேட்க வேண்டும். "இருக்கேன், ஓட்டாத" என்று குரல் வந்தால் சுவிட்சில் கை வைக்கக் கூடாது. குழிக்குள்ளிருந்தே லிஃப்ட்டை நிறுத்துகிற சுவிட்சும் உண்டுதான். ஆனால் ஒரு கட்டடத்தில் அதுவே பழுது, அதைச் சரிசெய்யத்தான் இவரும் கூட்டாளியும் போயிருந்தார்கள்.

கூட்டாளி ஆறடிக்கு மேல் உயரம், அதனால் எல்லோரும் அவனைக் குட்டை என்பார்கள். ஸ்க்ரூக்களை வாயில் கடித்துக்கொண்டு வேலை செய்வான். அன்று இவர் கேட்டார், பதில் வரவில்லை. டீக்குப் போயிருப்பான் என்று நினைத்து ஓட்டிவிட்டார். குட்டை கீழேதான் இருந்தான், வாய் நிறைய ஸ்க்ரூவோடு.

கம்பெனி இவரைக் குறை சொல்லவில்லை. உதிரிபாகக் கிடங்கில் உட்கார வைத்தது. அங்கேயும் அலமாரிகளுக்குப் பின்னால் பார்த்து "யாரு, இருக்கீங்களா?" என்பார். "இருக்கோம்ணே, செத்தா சொல்லி அனுப்பறோம்" என்பார்கள். முதலில் சிரித்தவர்கள், போகப் போக வேலையைப் பாதியில் விட்டுப் பதில் சொல்லி அலுத்துப்போனார்கள். டாக்டரின் மாத்திரையில் தூக்கம் வந்தது. விழித்ததும் மறுபடி அதே கேள்வி.

மகள் படிப்பை முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாள். ஒரு நாள் அறையைத் தாழிட்டு, காதில் ஹெட்ஃபோனோடு, லேப்டாப்பில் இன்டர்வியூவுக்கு உட்கார்ந்திருந்தாள். இவர் கூப்பிட்டார். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டார். அப்புறம் கதவை உதைத்தார். தாழ்ப்பாள் பிய்த்துக்கொண்டு பறக்க, திரையிலிருந்த கோட்டுக்காரர்கள் மூன்று பேரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த கம்பெனி இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டபோது அவள் பெட்டியைக் கட்டிவிட்டாள். "சித்தி வீட்ல தங்கிக்கறேன். என்னால முடியலப்பா."

"இங்கயே பேசும்மா. நான் கூப்பிட மாட்டேன்."

"கூப்பிட்டீங்கன்னா அப்படியே கிளம்பிடுவேன். திரும்பி வர மாட்டேன்."

அவள் வெறும் வாய்ப்பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை. அவருக்குப் பயமாக இருந்தது.

உடைந்த கதவுக்கு அவரே புதுத் தாழ்ப்பாள் போட்டார். இன்டர்வியூ அன்று மனைவி வேண்டுமென்றே கடைக்குப் போய்விட்டாள். கூட இருந்தால் மகளை விட்டுவிட்டுத் தன்னைக் கேட்டே உயிரை எடுப்பார் என்று அவளுக்குத் தெரியும். மகள் உள்ளே போய்த் தாழிட்டாள். பெட்டி வாசல் பக்கம் நின்றது. இவர் ஹாலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரம் அவள் குரல் கேட்டது, அவருக்கு உயிர் வந்தது. அப்புறம் குரல் நின்றுவிட்டது. அந்தப் பக்கத்து ஆட்கள் பேசுகிறார்கள், இவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று புத்திக்குத் தெரிந்தது. உடம்பு கேட்கவில்லை. கேள்வி தொண்டைவரை வந்துவிட்டது. மேஜைமேல் தாழ்ப்பாளுக்குப் போட்டது போக மிஞ்சிய ஸ்க்ரூக்கள் கிடந்தன. அவற்றை அள்ளி வாயில் போட்டுப் பற்களை இறுக்கிக்கொண்டார். இரும்பு கசந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

ரொம்ப நேரம் கழித்து உள்ளேயிருந்து மகள் கூப்பிட்டாள். "அப்பா, முடிஞ்சிருச்சு."

இவரால் வாயைத் திறக்க முடியவில்லை.

"அப்பா? இருக்கீங்களா?"

இருக்கிறார். கூப்பிடுவது நன்றாகக் கேட்கிறது. ஒரு ஸ்க்ரூவைக்கூட விழுங்கிவிடாமல் துப்ப வேண்டும், அதற்கு ஒரு நொடி போதும். அந்த ஒரு நொடிதான் குட்டைக்குக் கிடைக்கவில்லை.

"அப்பா!" தாழ்ப்பாள் படீரென்று திறந்தது. மகள் முகம் வெளிறி ஓடிவந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினாள். அவர் உள்ளங்கையில் ஸ்க்ரூக்களைத் துப்பினார்.

"இருக்கேம்மா," என்றார். "நீ கூப்பிட்டது கேட்டுச்சு. வாயில ஸ்க்ரூ இருந்துச்சு."

சொல்லிவிட்டு அழுதார். குட்டையைப் புதைத்த அன்றுகூட அவர் அழவில்லை. மகள் அவர் கையிலிருந்த ஈர ஸ்க்ரூக்களை வாங்கித் தன் கைக்குள் மூடிக்கொண்டு, அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள்.