நாணல் குழலும் என் கடைவாய்ப் பல்லும்

எங்கள் மிசௌரி ஆற்றங்கரையில் மக்காச்சோளம் விளைவது தின்பதற்கு மட்டுமில்லை, மணி உதிர்த்த கதிர்க்கட்டையைக் குடைந்து பைப்பாக்கிப் புகை பிடிக்கவும்தான். சோளம் போடுபவன் நான். கட்டைக்குக் குழல் பொருத்துபவள் பைப் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் லியோட்டா. அவளைக் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும் என்பதைத் தவிர அந்த வருடம் என் மண்டையில் வேறு எதுவும் இல்லை.

வாய்விட்டுக் கேட்டும் விட்டேன். அவள் என் வாயிலிருந்த பைப்பைப் பிடுங்கிப் பார்த்தாள். பிளாஸ்டிக் குழலின் நுனி எலி கொறித்தது போல இருந்தது.

"என்ன கிளீட்டஸ், புகை பிடிக்கிறியா, சாப்பிடறியா?"

"கோவம் வந்தா கடிச்சிடறேன்."

"எங்கப்பாவும் அப்படித்தான். மொதல்ல குழலு, அப்புறம் தட்டு, அப்புறம் நாற்காலி. எங்கம்மா பட்டது போதும்."

உள்ளே போய் நாணல் குழல் போட்ட பைப் ஒன்றைக் கொண்டுவந்தாள். பிளாஸ்டிக் தழும்போடு பிழைத்துக்கொள்ளும், கெட்டி ரப்பர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். நாணலோ எச்சில் ஊறினால் பச்சைக் குழந்தை கடித்தாலே நசுங்கும்.

"அறுவடை முடியறவரைக்கும் இது முழுசா இருந்தா கட்டிக்கறேன். ஞாயித்துக்கெழமை தோறும் கொண்டாந்து காட்டணும்."

முதல் ஞாயிறு தேவாலயம் விட்டதும் காட்டினேன். "கசடு எடுத்துத் தரேன்" என்று வாங்கிப்போய் மறுநாள் சாயங்காலம்தான் திருப்பித் தந்தாள்.

அதன்பிறகு நான் ஞானியாகிவிட்டேன். கோவேறு கழுதை வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடியது. குழலில் கீறல் இல்லை. மழையில் வண்டி சேற்றில் புதைந்தது, கீறல் இல்லை. என் பொறுமையைப் பார்த்து நானே சொக்கிப்போனேன். ஊரில் எதிர்ப்பட்டவர்களுக்கெல்லாம் நிதானத்தைப் பற்றி உபதேசம் செய்தேன். என்னைக் கண்டாலே ஆட்கள் எதிர்ச்சாரிக்குப் போனார்கள்.

அறுவடையின் கடைசி வாரம் பக்கத்து ஊரோடு பேஸ்பால். ஜெயிக்கிற ஆட்டம். கைக்குள் வந்து விழுந்த பந்தை எங்கள் ஆள் நழுவவிட்டான். என் வாய்க்குள் 'படக்' என்றது.

போச்சு, லியோட்டா போய்விட்டாள் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு உள்ளங்கையில் துப்பிப் பார்த்தால், கிடந்தது என் கடைவாய்ப் பல்லில் பாதி. குழல் அப்படியே இருந்தது.

பல்லை உடைக்கிற நாணல் எந்த ஆற்றில் முளைக்கிறது? நகத்தால் சுரண்டினேன். காப்பி நிறச் சாயம் வந்தது, அடியில் வெள்ளை. மாட்டெலும்பு. நாணலின் கணுகூட அச்சு அசலாக அரத்தால் தேய்த்திருந்தது. ஊரில் அப்படித் தேய்க்கிற கை ஒன்றுதான்.

வீங்கிய கன்னத்தோடு ஓடினேன். அவள் வாசலில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"லியோட்டா, இது எலும்பு."

"இப்பதான் தெரிஞ்சுதா?"

"என் நாணல் எங்கே?"

"மொத வாரமே நசுக்கிட்டே. நீ கவனிக்கல, நான் கவனிச்சேன்."

"அப்பவே வேணாம்னு சொல்லியிருக்கலாமே?"

அவள் பட்டாணியைவிட்டுத் தலை நிமிரவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"சொல்லணும்னுதான் நெனச்சேன். பாத்தா கை எலும்பைத் தேய்ச்சிக்கிட்டிருக்கு."

சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் மடியிலிருந்த பட்டாணியை அள்ளி வாயில் போட்டேன். பல் உயிர் போகிற வலி வலித்தது. நான் சிரித்துக்கொண்டே மென்றேன்.