மயங்கப்போவது யார்

ரத்தம் கொடுக்க வருகிறவர்களில் யார் மயங்கி விழுவார் என்று பூங்கொடி முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். ரத்த வங்கியில் நர்ஸ் வேலை. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. தப்பில்லை, இதுவரை யாரையும் அவள் தரையில் விழ விட்டதில்லை.

அன்று ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் முகாம். உற்பத்தி கொஞ்சமும் கெடக்கூடாது என்று அந்தப் புண்ணியவான்கள் அதை ஷிப்ட் முடிகிற நேரத்தில் வைத்திருந்தார்கள். ரத்தம் கொடுத்தால் ஹாட் பாக்ஸ் இலவசம். கேன்டீன் நிரம்பி வழிந்தது. எல்லோருக்கும் ஒரே சாம்பல் நிறச் சட்டை. மேனேஜர் யார், தோட்டம் கூட்டுகிறவர் யார் என்று தெரியாது. அதில் கம்பெனிக்கு ஏகப் பெருமை.

மயங்கப்போவது சுவாதிதான் என்று பூங்கொடி வந்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். நாட்றாம்பாளையத்துப் பெண், ஒல்லி, முதல் தடவை, சரியான தூக்கமும் இல்லை.

"தண்ணி குடி கண்ணு, ரெண்டு டம்ளரும் காலியாகணும். படுத்ததும் காலைப் பின்னிக்கிட்டுத் தொடையை இறுக்கு, விடு, மறுபடி இறுக்கு. மயக்கம் கிட்டவே வராது."

சுவாதி சொன்னபடி செய்து, சிரித்துக்கொண்டே எழுந்து போனாள். அடுத்த கட்டிலில் வெள்ளைச்சாமி, ஐம்பது வயது, வாட்டசாட்டமான ஆள். பல தடவை கொடுத்தவராம்.

"நமக்கெல்லாம் ஒண்ணும் ஆவாதுங்க சிஸ்டர்" என்று, கொடுத்து முடித்ததும் உட்காரச் சொன்னதையும் கேட்காமல் எழுந்து நடந்தார். பூங்கொடியும் விட்டுவிட்டாள்.

முகாம் முடிந்ததும் பஸ் ஸ்டாண்டு வரை கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். முன் சீட்டு கிடைத்தது. வண்டி மேம்பாலத்தில் ஏறியபோதுதான் கியர் போடும் கையைப் பார்த்தாள். முழங்கை மடிப்பில் பஞ்சும் பிளாஸ்டரும். அவளே ஒட்டியது.

கண்ணாடியில் வெள்ளைச்சாமியின் முகம் தெரிந்தது. மேலுதட்டில் வியர்வை, உதடு வெளுத்துவிட்டது, கொட்டாவி மேல் கொட்டாவி. பின்னால் வண்டி நிறைய ஆட்கள், பக்கத்தில் கன்டெய்னர் லாரி. காலைப் பின்னி இறுக்கச் சொல்லலாம் என்றால் அந்தக் கால் பிரேக்கின் மேல் இருந்தது.

"அண்ணா, ஓரமா நிறுத்துங்க."

"பாலத்து மேல நிறுத்தக்கூடாதுங்க சிஸ்டர்."

"நிறுத்துங்கண்ணா. உங்களுக்கு மயக்கம் வருது."

அவள் குரலில் என்ன இருந்ததோ, வண்டி ஓரத்தில் நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தவர் அப்படியே ஸ்டீயரிங்கில் சரிந்தார். ஹாரன் விடாமல் அலறியது.

நாலு பேர் சேர்ந்து அவரைச் சீட்டுகளுக்கு நடுவில் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பிடித்தார்கள். பூங்கொடி மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். முகாமில் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்று ஆயிரம் கேட்டவள், இங்கிருந்து எழுந்து என்ன வேலைக்குப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வெள்ளைச்சாமி கண் திறந்தார்.

"சிஸ்டர், மாரிமுத்துக்கு ஒரு போன் போடுங்க. நாங்க டிரைவருங்க ரெண்டு பேரும் சேந்துதான் வந்து குடுத்தோம். அவன் காவேரிப்பட்டினம் வண்டி. நமக்கு முன்னாலயே கெளம்பிட்டான்."

அந்த வண்டி இந்நேரம் நெடுஞ்சாலையில் சூளகிரி பக்கம் பறந்துகொண்டிருக்கும். பூங்கொடி அவர் போனை வாங்கி அடித்தாள். மாரிமுத்து உடனே எடுத்தான்.

"வண்டி ஓட்டிட்டிருக்கேண்ணா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

பூங்கொடி மறுபடி அடித்தாள். இந்தத் தடவை அவன் எடுக்கவில்லை.