இடப்பக்கம் திறக்கும் பூட்டு

கலியமூர்த்தி யாரையும் நம்பமாட்டார். டீ கொண்டுவருகிறவன் டம்ளரைத் திருப்பி வாங்க வரும்போது கண்ணை எங்கே மேயவிடுகிறான் என்று பார்ப்பார். நெய்வேலி நகரியத்துக் கடைத்தெருவின் கடைசியில் தகரக் கொட்டகை போட்டுப் பூட்டு செய்தார், சாவி வெட்டினார், அங்கேயே பொங்கித் தின்று அங்கேயே படுத்தார். சொந்த ஊரை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எடுத்த பிறகு சொந்தக்காரர்கள் நகரியத்தில் எந்த பிளாக்கில் குடியிருக்கிறார்கள் என்று விசாரித்ததுகூட இல்லை. உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள், செத்துப்போன அவருடைய அப்பா.

அந்த அப்பாவைத்தான் அம்மா விருத்தாம்பாள் சந்தேகப்பட்டாள். செவ்வாய்க்கிழமை தோறும் குள்ளஞ்சாவடிக்குப் பூட்டு விற்கப் போகிறவர், திரும்பி வந்ததும் பசிக்கவில்லை என்று படுத்துவிடுவார். நாளெல்லாம் அலைந்த மனுசனுக்கு எப்படிப் பசிக்காமல் போகும் என்று அவள் கேட்டாள். கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று ஊரறியச் சொன்னவர் கலியமூர்த்திதான். கடைசி இரண்டு வருஷம் அவளோடு பேசவே இல்லை. அவள் அப்படியே போய்ச் சேர்ந்தாள்.

ஒரு நாள், காலை ஷிப்டுக்குச் சங்கு ஊதி ஓய்ந்த நேரம், முப்பது வயதுப் பெண்ணொருத்தி சின்னத் தகரப்பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தாள். பேர் செல்லக்கிளி, குள்ளஞ்சாவடி என்றாள். அம்மா செத்துக் காரியம் முடிந்தது, சாவியைக் காணோம், திறந்து கொடுக்க வேண்டும் என்றாள்.

பூட்டைப் பார்த்ததும் கலியமூர்த்திக்குச் சுரீர் என்றது. அப்பாவின் கைவேலை. விற்கிற பூட்டையெல்லாம் வலப்பக்கம் திறக்கும்படி செய்வார். தன் வீட்டுக்கென்று செய்வது மட்டும் இடப்பக்கம் திறக்கும், அடையாளத்துக்கு அரத்தால் ஒரு கோடும் இழுத்திருப்பார். இந்தப் பூட்டில் கோடு இருந்தது. ஊரைக் காலி செய்தபோது களவு போன சாமான் என்று முடிவே கட்டிவிட்டார்.

அவளைப் போலீசில் பிடித்துக் கொடுக்க ஒரு தந்திரம் செய்தார். கையெல்லாம் எண்ணெய், அந்தக் கருவிப் பெட்டியைத் திறந்து கொடு என்று தன் சாவியை நீட்டினார். அதுவும் அப்பா வீட்டுக்கென்று செய்த, இடப்பக்கம் திறக்கும் பூட்டுதான். திருடியாக இருந்தால் வலப்பக்கம் திருகித் திணறுவாள்.

அவள் பஸ் நேரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே, பூட்டைப் பார்க்கக்கூடச் செய்யாமல், இடப்பக்கம் ஒரு திருகு திருகித் திறந்துவிட்டாள்.

"இது இப்படித் திறக்கும்னு உனக்கு யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. எங்க வூட்டுல எல்லாப் பூட்டும் இப்படித்தான். எங்கப்பா செஞ்சது. செவ்வாக்கெழமை மட்டும் வருவாரு. கருவாட்டுக் கொழம்புன்னா ரெண்டு தரம் சோறு வாங்கித் தின்னுவாரு."

கலியமூர்த்தி பலகையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவைப் புத்தி பிசகினவள் என்று சொன்னதை நினைக்க அவருக்குக் கூசியது. "அவரு எனக்கும் அப்பாதான்" என்றார்.

செல்லக்கிளி பெட்டியை மார்போடு சேர்த்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள். பங்கு கேட்க வந்துவிட்டான் என்று நினைத்தாளோ என்னவோ. அந்தப் பார்வை அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் தினமும் மற்றவர்களைப் பார்ப்பது அப்படித்தான்.

கம்பியை நுழைத்துப் பூட்டைத் திறந்தார். உள்ளே ஒரு பழைய சேலை இருந்தது. அவர் அதைத் தொடவில்லை. எழுந்துபோய், ஒற்றை ஆளுக்குப் பொங்கிய சோற்றை இரண்டாகப் பிரித்துத் தட்டு வைத்தார்.

"வேணாங்க, எனக்குப் பசிக்கல."

"அந்தப் பேச்ச மட்டும் இங்க பேசாத, தங்கச்சி. அதக் கேட்டுக் கேட்டுத்தான் எங்கம்மா செத்தா."

செல்லக்கிளி பெட்டியைக் கீழே வைத்தாள்.