ஊதினா ஊதினதுதான்

ஆம்பிளைதான் விசில் ஊத வேண்டும் என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை. முழுதாக வாசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். மட்டக்களப்பில் நான் மனையியல் படிப்பித்த பள்ளிக்கூடத்தில், எண்பத்தைந்தாம் ஆண்டு இராணுவத்தின் சுற்றிவளைப்புகள் கூடியபோது, விளையாட்டு மாஸ்டர் பத்திநாதர் வாவியைக் கடந்துபோய் ஒளித்துக்கொண்டார். மற்ற ஆண் ஆசிரியர்களும் மைதானத்தில் நிற்கப் பயந்தார்கள். பெடியன்கள் பந்தை வைத்துக்கொண்டு முழித்தார்கள். அதிபர் விசிலை என் கையில் தந்தார். இரண்டு வருடத்தில் முப்பத்தொரு உதைபந்தாட்டம் நடத்தினேன்.

மொன்ட்ரியால் வந்ததும் இங்குள்ள தமிழர் விளையாட்டுக் கழகச் செயலாளர் கதிர்காமத்தம்பியிடம் இதைச் சொன்னேன். "அங்க சண்டை, ஆக்கள் இல்லை. இஞ்ச ஆம்பிளையள் இருக்கினமெல்லே, தங்கச்சி" என்று சிரித்தார். இருக்கினம், சரி. ஓஃப்சைட் என்றால் என்னவென்று தெரிந்தவர் எத்தனை பேர்? வாய்வரை வந்த கேள்வியை என் கணவர் ஆனந்தராசா கையைக் கிள்ளி அடக்கிவிட்டார். ஒரு வருடமாகக் கோட்டுக்கு வெளியே நின்று ஆட்டக்காரருக்குத் தோடம்பழம் வெட்டிக் கொடுத்தேன். எனக்கு மறுபடியும் நடுவராக வேண்டும், அவ்வளவுதான்.

எண்பத்தெட்டு ஆடி மாதம், லாசால் பூங்காவில் இறுதியாட்டம். ஒரே யாழ்ப்பாணத்து ஊரின் கிழக்கும் மேற்கும் மோதின. ஊரில் ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய ஓர் ஒழுங்கைதான் இடையில். கடல் தாண்டி வந்தும் அந்த ஒழுங்கையை விட்டபாடில்லை. வரவேண்டிய நடுவரை அவர் வேலை செய்யும் டோர்வல் விமான நிலையத்தில் ஓவர்டைமுக்கு மறித்துவிட்டார்கள். வேறு யாரைச் சொன்னாலும், "அவன் கிழக்கில பெண் எடுத்தவன்", "இவன் மேற்குக்கு மச்சான்" என்று ஒரே சத்தம்.

கடைசியில் கதிர்காமத்தம்பி என்னிடம் வந்தார். "தங்கச்சி, நீங்கள் மட்டக்களப்பு. எங்கட சண்டையில உங்களுக்குப் பங்கில்லை. சும்மா விசிலை ஊதிக்கொண்டு நில்லுங்கோ. பிரச்சினை வந்தால் நாங்கள் கதைச்சுத் தீர்ப்பம்."

"அப்பிடியெண்டா விசிலை ஒரு மரத்தில கட்டிவிடுங்க" என்றேன். "நான் ஊதினா ஊதினதுதான்."

அவருக்கு வேறு வழியில்லை. ஆனந்தராசாவின் சப்பாத்துக்குள் இரண்டு சோடி காலுறை போட்டுக்கொண்டு இறங்கினேன். ஐயோ, அந்த ஒரு மணித்தியாலம்! யாரும் என்னோடு சண்டைக்கு வரவில்லை. மேற்கின் தலைவன் மார்க்கண்டு, எதிராளியின் காலை வாரிவிட்டு, "சொறி அக்கா" என்று மன்னிப்புக் கேட்டுக் குழைந்தான். "பாவம் பொம்பிளை, விடுங்கோடா" என்று கிழக்கார் தங்களுக்குள் சமாதானம் சொன்னார்கள். அந்த இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒன்றுக்கு ஒன்று. ஐந்து நிமிடம் இருக்கையில் கிழக்கு ஒரு கோல் போட்டது. போட்டவனோ மேற்கின் தடுப்பாளர்களையெல்லாம் தாண்டிப் போய் நின்று பந்து வாங்கியவன். ஓஃப்சைட் என்று ஊதினேன். கோல் இல்லை. கிழக்கார் தலையில் கை வைத்தார்கள். மேற்கார் என்னைத் தெய்வமாகப் பார்த்தார்கள்.

தெய்வம் மூன்று நிமிடம்கூட நிலைக்கவில்லை. மார்க்கண்டு கோலுக்கு முன்னால் "ஐயோ அம்மா" என்று விழுந்து பெனால்டி கேட்டான். அவனை ஒருவரும் தொடவில்லை. "எழும்பு மனே, புல்லு ஈரம்" என்றேன். ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

அவ்வளவுதான், இரண்டு பக்கமும் என்னைச் சூழ்ந்துகொண்டன. ஊரில் ஒருநாளும் காணாத ஒற்றுமை! ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் ஏசினார்.

ஆனந்தராசா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தார். "வா கா, பஸ்ஸைப் பிடிச்சிப் போயிருவம்!"

"பொறுங்க, கேட்பம்" என்றேன். என் முகமெல்லாம் சிரிப்பு.

"றெஃபரி, உமக்குக் கண் குருடோ?" என்று மார்க்கண்டு கத்தினான். "இந்த றெஃபரிக்கு மேற்கார் என்ன சாப்பாடு போட்டவை?" என்று கிழக்கிலிருந்து ஒரு குரல். "றெஃபரிக்குச் சட்டம் தெரியாது!" என்று இன்னொன்று. கதிர்காமத்தம்பிகூட நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "என்ன றெஃபரி, கப்பை இப்ப நான் ஆரிட்டைக் குடுக்கிறது?" என்று சீறினார்.

காது குளிரக் கேட்டுக்கொண்டு நின்றேன். அத்தனை பேரில் ஒருவன்கூடப் பொம்பிளை என்று சொல்லவில்லை.